பேப்பர்ல வர்ற ஒரே ஒரு வார்த்தையை விடாம துரத்திப் புடிக்கிறது எப்படி

"உபரி"ன்னா என்னன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க, "மிச்சம்"னு டக்குனு சொல்லிடுவாங்க. சரி, அப்ப ராத்திரி மிஞ்சின சோறு உபரி சோறான்னு திருப்பிக் கேட்டா சிரிப்பாங்க, இல்லன்னு தெரியும், ஏன் இல்லன்னு சொல்ல வராது. பேப்பர்ல தினம் பாக்குற வார்த்தைங்க நிறைய நமக்கு இந்த நிலைமையிலதான் இருக்கு, பாத்தா தெரிஞ்ச மாதிரி இருக்கும், விளக்கச் சொன்னா நழுவிடும். வளிமண்டல மேலடுக்கு சுழற்சி, பணி நிரவல், தீர்ப்பு ஒத்திவைப்பு, நீரேற்று, புவிசார் குறியீடு... கண்ணு அது மேல வழுக்கிக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிடும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பசங்க, இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டு தமிழ் பேப்பரை எடுத்தா தலைப்போட நிறுத்திக்கிறவங்க, புள்ளைங்க சந்தேகம் கேட்டா "அப்புறம் சொல்றேன்"னு சமாளிக்கிற அப்பா அம்மா, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ற கதை இல்லீங்க. ஒரு நேரத்துக்கு ஒரே வார்த்தை, அதைச் செய்தியிலயே வச்சுப் படிக்கிறது, அவ்வளவுதான். அகராதி வேணும், ஆனா அதைக் கடைசியில எடுத்துக்கலாம்.

முதல்ல வார்த்தையை எப்படித் தேர்ந்தெடுக்குறது. ரொம்பக் கஷ்டமான வார்த்தையா பாத்து எடுக்காதீங்க, அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், மறுபடி கண்ணுல படுறதுக்குள்ள மறந்துடும். அடிக்கடி வரணும், அதுவும் நம்ம மாவட்டச் செய்தியில வரணும். தினத்தந்தி, தினமலர், தினகரன், காலைக்கதிர் எதை எடுத்தாலும் சேலம் செய்திக்குன்னு தனிப் பக்கம் இருக்கும், டீக்கடையில பேப்பரை ஆளுக்கொரு தாளா பிரிச்சு வச்சுக்கும்போது முதல்ல காணாமப் போறது அந்தப் பக்கம்தான், அதைப் புடிச்சுக்கங்க. டெல்லிச் செய்தியில ஒரு வார்த்தை புரியலன்னா விட்டுட்டுப் போயிடுவோம், ஆனா மேட்டூர், ஓமலூர், ஏற்காடுன்னு பேர் இருந்தா அந்த இடம் கண்ணு முன்னாடி வரும், வார்த்தையும் அந்த இடத்தோட சேர்ந்து ஒட்டிக்கும். வெளியூர்ல இருக்கறவங்க அவங்கவங்க ஊர்ப் பக்கத்தை எடுத்துக்கங்க, முறை ஒண்ணுதான்.

நம்ம வார்த்தை உபரி. ஆடி மாசம் காவிரியில தண்ணி பெருகி வர்ற சமயம் சேலம் பக்கத்துல இந்த வார்த்தை இல்லாத நாளே இருக்காது. மேட்டூர் அணைச் செய்தியில இப்படி ஒரு வரி வரும்னு வைங்க: "அணை நிரம்பியதால் உபரி நீர் 16 கண் மதகு வழியாகக் காவிரியில் திறக்கப்பட்டுள்ளது." இதுல "உபரி"யை மட்டும் நோட்டுல எழுதி பக்கத்துல அர்த்தம் போட்டீங்கன்னா வேலை கெட்டுச்சு. முழு வரியையும் எழுதுங்க, இல்ல போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, தேதியோட. ஏன்னா அர்த்தம் அந்த வார்த்தைக்குள்ள மட்டும் இல்ல, அது பக்கத்துல யார் யார் உக்காந்திருக்காங்கங்கறதுலயும் இருக்கு. "நிரம்பியதால்"னு ஒரு காரணம், "16 கண் மதகு"ன்னு ஒரு வழி (பதினாறு திறப்பு இருக்குற மதகு), "திறக்கப்பட்டுள்ளது"ன்னு ஒரு வினை. இந்த மூணையும் அடிக்கோடு போட்டுட்டு, அடுத்தடுத்த நாள் அதே அணைச் செய்தியை வரிசையா படிச்சுக்கிட்டே போங்க.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் தட்டுப்படும். அணையில இருந்து தண்ணி எப்பவும்தான் போகுது, டெல்டா பாசனத்துக்கு வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, அதுக்கு யாரும் உபரின்னு எழுத மாட்டாங்க, "பாசனத்துக்கு நீர் திறப்பு"ன்னுதான் வரும். அந்தத் தண்ணி அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம் வழியா போய் கரண்டும் குடுத்துட்டு ஆத்துக்குப் போகுது. விநாடிக்கு இருபதாயிரம் சொச்சம் கன அடி வரைக்கும் அந்த வழியே தாங்கும். அணை 120 அடி நிரம்பி, அதுக்கு மேலயும் வரத்து கொட்டும்போதுதான் 16 கண் மதகைத் தூக்குறாங்க, அப்பதான் "உபரி"ங்கற வார்த்தை பேப்பருக்குள்ள வருது. கூடவே "கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை"ன்னு இன்னொரு வரி ஒட்டிக்கிட்டே வரும். ஆக, தண்ணி ஒரே தண்ணிதான், பேர் மாறுறது எதனாலன்னா அணையோட கொள்ளளவுன்னு முன்கூட்டியே ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டினது உபரி. இதை எந்த அகராதியும் பாக்காம, செய்தியை மட்டும் வச்சே கண்டுபுடிச்சாச்சு பாருங்க.

அணைச் செய்தியில இருக்கும்போதே எண்ணையும் விட்டுடாதீங்க, எண்ணைத் தாண்டிப் போறவங்களுக்கு வார்த்தை பாதிதான் புரியும். "நீர்வரத்து 10 ஆயிரம் கன அடி, நீர் இருப்பு 64 டிஎம்சி"ன்னு போட்டிருந்தா இது ரெண்டும் ஒரே ஜாதி அளவு இல்ல. வரத்து வந்து விநாடிக்கு எவ்வளவுங்கறது, முழுசா "விநாடிக்கு 10 ஆயிரம் கன அடி"ன்னு இருக்கணும், தலைப்புல இடம் பத்தாம "விநாடிக்கு"வை வெட்டிடுவாங்க. இருப்புங்கறது உள்ள நிக்கிற மொத்தம். 1 டிஎம்சின்னா 100 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி, அப்ப விநாடிக்கு 10 ஆயிரம் கன அடி வீதம் நாள் பூரா வந்தா 86 கோடியே 40 லட்சம் கன அடி, அதாவது ஒரு டிஎம்சிக்குக் கொஞ்சம் கம்மி. இந்தக் கணக்கை ஒரு தடவை நீங்களே பேனாவால போட்டுப் பாருங்க, அப்புறம் வரத்து, இருப்பு, திறப்பு மூணும் ஜென்மத்துக்கும் குழம்பாது. அதே மாதிரி நீர்மட்டம் வேற, நீர் இருப்பு வேற. 120 அடிக்கு 93.47 டிஎம்சின்னா 60 அடிக்குப் பாதி இருக்கும்னு தோணும், இருக்காது, சுமார் கால்வாசிதான் இருக்கும், ஏன்னா அணைக்குள்ள பள்ளம் வடைச்சட்டி மாதிரி, அடியில ஒடுக்கம், மேல போகப் போக அகலம். கடைசி இருபது அடி ஏறுறதுக்குள்ளதான் எக்கச்சக்கமா தண்ணி புடிக்கும். "நீர்மட்டம் பாதியாக சரிந்தது"ன்னு படிச்சா இனிமே உங்களுக்குக் கொஞ்சம் கூடவே பதறும்.

சரி, அணையை விட்டு வெளிய வாங்க. வார்த்தை நிஜமாவே கையில வந்துச்சான்னு தெரியணும்னா அதே பேப்பர்ல வேற பக்கத்துல அது வருதான்னு தேடணும். உபரி ரெண்டு மூணு இடத்துல மாட்டும். கல்விச் செய்தியில "உபரி ஆசிரியர்கள் பணி நிரவல்"னு வரும், மொதல்ல படிக்கிறப்ப கொஞ்சம் கோபம்கூட வரும், வாத்தியாரைப் போய் மிச்சம்கறாங்களேன்னு. ஆனா அணையில கத்துக்கிட்டதை இங்க வச்சுப் பாருங்க. கல்வி உரிமைச் சட்டத்துல தொடக்கப் பள்ளிக்கு 30 பிள்ளைங்களுக்கு ஒரு ஆசிரியர்னு விகிதம் இருக்கு, ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைங்கன்னு எண்ணி ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம்னு நிர்ணயம் பண்றாங்க, அந்த நிர்ணயத்துக்கு மேல இருக்கறவங்க அந்தப் பள்ளிக்கு உபரி. இங்கயும் ஒரு எல்லை, அதைத் தாண்டினது. மலை மேல ஒரு சின்ன கிராமத்துப் பள்ளியில பிள்ளைங்க கம்மியாகி ஒரு ஆசிரியர் உபரின்னு கணக்கு வந்தா, அவரு வேலையில சோம்பலா இருந்தாருன்னு அர்த்தமே இல்ல. "பணி நிரவல்"ங்கற அடுத்த வார்த்தையும் இதோட இலவசமா கிடைச்சுடுது, மேட்டுல இருக்குற மண்ணைப் பள்ளத்துக்குத் தள்ளி சமன் பண்றதைத்தான் நிரவுறதுன்னு வயக்காட்டுல சொல்றோம், அதேதான்.

மூணாவது இடம் பட்ஜெட். "வருவாய் உபரி", இல்லன்னா அதுக்கு எதிரா "வருவாய்ப் பற்றாக்குறை". எதிர்ச்சொல்லையும் சேர்த்துப் புடிச்சா வார்த்தை ரெண்டு பக்கமும் கட்டுனா மாதிரி நிக்கும். அரசாங்கத்துக்கு வரி மாதிரி வர்ற வருவாய், சம்பளம், மானியம், வட்டி மாதிரி போற வருவாய்ச் செலவைவிட அதிகமா இருந்தா உபரி, கம்மியா இருந்தா பற்றாக்குறை. அதே செய்தியில "நிதிப் பற்றாக்குறை"ன்னு இன்னொண்ணு வரும், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க, அது ரோடு, பாலம், கட்டடம்னு முதலீட்டுச் செலவையும் சேர்த்து, மொத்தத்துல எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்குங்கறதைக் காட்டுறது. வருவாய்ல உபரி இருக்குற ஒரு மாநிலத்துக்கு அதே வருஷம் நிதிப் பற்றாக்குறையும் இருக்கலாம், முரண்பாடு ஒண்ணும் இல்ல.

இப்ப அந்த ராத்திரி சோத்துக்கு பதில் சொல்லலாம், சோத்துக்கு யாரும் முன்கூட்டி கொள்ளளவு நிர்ணயம் பண்ணல, அதனால அது மிச்சம், உபரி இல்ல. ஆனா சத்துணவுக்கூடத்துல இத்தனை பிள்ளைங்களுக்கு இத்தனை கிலோ அரிசின்னு ஒதுக்கீடு போட்டு, அதுக்கு மேல மூட்டை வந்திருந்தா அதை உபரி அரிசின்னு எழுதலாம். இப்படி மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறது நல்ல சோதனை. வரியில உபரியை எடுத்துட்டு மிச்சம், மீதி, கூடுதல், எஞ்சிய எல்லாத்தையும் வச்சுப் படிங்க, எது இடறுதோ அதுதான் சொல்லிக்குடுக்கும்.

சேலம் மாவட்டத்துல 100 வறண்ட ஏரியை மேட்டூர் உபரி நீரால நிரப்புற திட்டம்னு ஒண்ணு இருக்கு, 565 கோடி ரூபாய்னு அறிவிச்சது, சரபங்கா நீரேற்றுத் திட்டம்னும் சொல்வாங்க. டெல்டா விவசாயிங்க அதை எதிர்த்தாங்க, அவங்க வாதத்துக்கு நடுவுல நிக்கிறதே இந்த வார்த்தைதான், எந்தத் தண்ணியை உபரின்னு கணக்கு வைக்கிறதுங்கறது. யார் பக்கம் நியாயம்னு நான் இங்க பேசப் போறதில்ல, ஆனா வார்த்தை புரிஞ்சவனுக்குத்தான் சண்டை எதுக்குன்னே புரியும். "நீரேற்று"ங்கறது பள்ளத்துல இருந்து மோட்டார் போட்டு மேட்டுக்குத் தூக்குறது, சாதாரண வாய்க்கால்ல தண்ணி தானா சரிஞ்சு ஓடும், இங்க கரண்டு செலவாகும். அதைத் தனியா ஒரு வாரம் துரத்தலாம், அந்த அளவுக்கு விஷயம் இருக்கு.

சில வார்த்தைங்களைத் தனியா எடுத்தா பிரயோஜனம் இல்ல, கூட்டமா எடுக்கணும். மழைச் செய்தி அந்த வகை. கனமழை, மிக கனமழை, அதி கனமழைன்னு மூணும் நமக்கு நிருபர் மூடுக்குத் தகுந்த மாதிரி போடுறாருன்னு தோணும், கிடையாது. வானிலை ஆய்வு மையத்துல 24 மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு வச்சிருக்காங்க. 64.5 மில்லிமீட்டர்ல இருந்து 115.5 வரைக்கும் கனமழை, 115.6ல இருந்து 204.4 வரைக்கும் மிக கனமழை, அதுக்கு மேல அதி கனமழை. இதைத் தெரிஞ்சுக்கிட்டு சேலம் பக்கத்துல மழையளவுப் பட்டியலைப் பாருங்க, ஏற்காடு, ஓமலூர், ஆணைமடுவு, கரியகோயில், தம்மம்பட்டி, எடப்பாடின்னு வரிசையா போட்டு மில்லிமீட்டர் குடுத்திருப்பாங்க. நேத்து நீங்க "பேய் மழை"ன்னு சொன்னது 30 மில்லிமீட்டர்னு போட்டிருக்கும், அப்ப கனமழைங்கற பேருக்கே இன்னும் ஒரு மடங்குக்கு மேல பேயணும்னு உறைக்கும். ஒரு மில்லிமீட்டர்ங்கறது ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில ஒரு லிட்டர் தண்ணி, இதை வச்சு உங்க மாடிக்கு எத்தனை குடம்னு பிள்ளைங்களோட கணக்குப் போட்டா ஒரு சாயங்காலம் போயிடும்.

அதே அறிக்கையில "ஓரிரு இடங்களில்"னு வர்றதையும் கவனிங்க, அதுகூட சும்மா வாய்க்கு வந்ததில்ல, அந்தப் பகுதியில இருக்குற மழைமானி நிலையங்கள்ல கால்வாசிக்குள்ள பேய வாய்ப்புன்னு அர்த்தம். அதுக்கு மேல "ஒரு சில இடங்களில்", "பல இடங்களில்", "பெரும்பாலான இடங்களில்"னு ஏறிக்கிட்டே போகும். ஓரிரு இடம்னா உங்க தெருவுல சொட்டு விழாம பக்கத்து ஊர்ல கொட்டுறதுக்கும் இடம் இருக்கு, அறிக்கை பொய்யின்னு திட்ட வேண்டியதில்ல. (திட்டுறவங்க திட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க, அது வேற.)

இன்னொரு ஏணி காத்துக்கு. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், புயல். "பகுதி"க்கும் "மண்டலத்துக்கும்" வித்தியாசம் தெரியாம எத்தனை வருஷம் படிச்சிருப்போம். காத்தோட வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழ இருந்தா பகுதி, 31ல இருந்து 49 வரைக்கும் மண்டலம், 50ல இருந்து 61 ஆழ்ந்த மண்டலம், 62ஐத் தொட்டா புயல், அப்பதான் அதுக்குப் பேரும் வைக்கிறாங்க. ஏணியில எந்தப் படின்னு தெரிஞ்சா "வலுப்பெற்றது", "வலுவிழந்தது"ங்கற வினைங்க தானா புரியும், ஒரு படி ஏறுச்சு, ஒரு படி இறங்குச்சு.

இதுல "வலுவிழந்தது"ங்கற வார்த்தையை மட்டும் நல்லா உக்காந்து படிக்கச் சொல்வேன், ஏன்னா அது பாதி பேரை ஏமாத்துது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. அதுக்கப்புறம் அது வலுவிழந்துதான் உள்ள வந்துச்சு, செய்தியிலயும் அப்படித்தான் சொன்னாங்க. கடலோரம்தானே, நமக்கென்ன, அதான் வலுவும் போயிடுச்சேன்னு இருந்தா, கிருஷ்ணகிரி, தருமபுரி, ஏற்காடு பக்கம் கொட்டித் தீர்த்துச்சு, ஏற்காடு மலைப்பாதையில மண்சரிவாகி வண்டி போக முடியாம போச்சு. வலுவிழந்ததுங்கறது காத்தைப் பத்தின பேச்சு, மழையைப் பத்தி அது வாயே திறக்கல. அது எவ்வளவு மெதுவா நகருது, எவ்வளவு ஈரம் சுமந்துக்கிட்டு இருக்குது, வழியில மலை இருக்கா, இதெல்லாம்தான் மழையை முடிவு பண்ணும். சேர்வராயன் மலை மேல இருக்கறவங்க, அடிவாரத்துல கடை வச்சிருக்கறவங்க இந்த ஒரு வார்த்தையைச் சரியா படிச்சாலே அன்னிக்கு மேல போகலாமா வேணாமான்னு முடிவெடுக்கறது மாறும். இந்த மாதிரி வார்த்தையைத்தான் முதல்ல துரத்தணும்னு நான் சொல்வேன், பரீட்சைக்கு வருதோ இல்லையோ.

அடுத்து, தெரிஞ்ச முகத்தோட வந்து வேற அர்த்தம் சொல்ற வார்த்தைங்க. கோர்ட்டுச் செய்தி பூரா இதுதான். தள்ளுபடின்னா நமக்கு ஆடி மாசத்து ஜவுளிக்கடை விளம்பரம். அதே பேப்பர்ல "நகைக்கடன் தள்ளுபடி", இன்னொரு பத்தியில "மனு தள்ளுபடி". கடையில விலையில கொஞ்சம் கழிச்சுக்கறாங்க, கடன்ல கட்ட வேண்டியதே இல்லன்னு விட்டுடறாங்க, மனுவுல உன் கோரிக்கையை ஏத்துக்க முடியாதுன்னு தள்ளிடறாங்க. முதல் ரெண்டுக்கும் சந்தோஷப்படலாம், மூணாவதுக்கு மனு போட்டவர் அழுதுக்கிட்டிருப்பாரு. எந்தப் பெயர்ச்சொல்லோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு பாத்தா போதும், குழப்பம் தீர்ந்துச்சு. "மனு முடித்துவைப்பு"ன்னு வந்தா அது தள்ளுபடி இல்ல, அதிகாரிங்க இதைப் பரிசீலிக்கணும்ங்கற மாதிரி ஏதாவது உத்தரவோட கோர்ட்டு அந்த வழக்கை மூடியிருக்கும், அந்த உத்தரவு என்னன்னு கீழ ரெண்டு வரியில இருக்கும், தேடிப் படிங்க.

"ஒத்திவைப்பு"ம் அப்படித்தான். "விசாரணை ஒத்திவைப்பு"ன்னா இன்னொரு நாள் விசாரிப்பாங்க, இழுக்குது. "தீர்ப்பு ஒத்திவைப்பு"ன்னா கிட்டத்தட்ட நேர் எதிர், ரெண்டு தரப்பும் பேசி முடிச்சாச்சு, நீதிபதி எழுத வேண்டியதுதான் பாக்கி. தலைப்புல பாக்கும்போது ரெண்டுக்கும் "அடடா தள்ளிப் போட்டுட்டாங்களே"ன்னுதான் தோணும்.

சேலத்துக்காரங்களுக்குக் கோர்ட்டு வார்த்தை கத்துக்க எட்டு வழிச்சாலை வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. 2018ல அறிவிச்ச சேலம் - சென்னை ரோடு, 277 கிலோமீட்டர், அஞ்சு மாவட்டம் வழியா. நிலம் கையகப்படுத்துற அறிவிக்கையை 2019 ஏப்ரல் 8 சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, மேல்முறையீட்டுல 2020 டிசம்பர் 8 உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லும்னு சொல்லுச்சு. இந்த ஒரே வரியில எத்தனை வார்த்தை பாருங்க, கையகப்படுத்துதல், அறிவிக்கை, ரத்து, மேல்முறையீடு, செல்லும். பழைய செய்திங்களை நெட்டுல தேதி வாரியா தேடி எடுத்து வரிசையா படிச்சா வழக்கு நகர நகர வார்த்தையும் நகரும். "அறிவிப்பு"க்கும் "அறிவிக்கை"க்கும் என்ன வித்தியாசம்னு அங்கதான் புரியும், அமைச்சர் மேடையில சொன்னாலும் அறிவிப்புதான், அறிவிக்கைங்கறது சட்டப்படி அரசிதழ்ல வர்றது, அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகலாம். "செல்லும், செல்லாது"ங்கறதை நமக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேணாம், 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு கத்துக்குடுத்துடுச்சு, அதே செல்லாதுதான் கோர்ட்டுலயும்.

வினையை மட்டும் பாக்க வேண்டிய வார்த்தைங்களும் இருக்கு. புவிசார் குறியீட்டை எடுத்துக்கங்க. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல கிடைச்சுச்சு. ஆனா நிறைய ஊர்ப் பொருளுக்கு "புவிசார் குறியீடு"ன்னு தலைப்புல பெருசா போட்டு உள்ள படிச்சா "கோரி விண்ணப்பம்"னு இருக்கும், கேட்டிருக்காங்க, கிடைக்கல. விண்ணப்பம், வெளியீடு, ஆட்சேபம், பதிவுன்னு அதுக்குப் படிப்படியா நடைமுறை இருக்கு, வினைதான் எந்தப் படியில நிக்குதுன்னு சொல்லும்.

இவ்வளவும் ஆனப்புறம் அகராதியை எடுங்க. இப்ப எடுத்தா என்ன லாபம்னா, நீங்க ஏற்கனவே ஒரு அர்த்தம் ஊகிச்சு வச்சிருப்பீங்க, அது சரியான்னு பாக்கத்தான் போறீங்க, அதனால மனசுல நிக்கும். பழைய பெரிய அகராதிங்கள்ல செய்தித்தமிழ் வார்த்தை நிறைய இருக்காது, இன்னிக்குப் புழக்கத்துல இருக்குறதுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்லது, அர்த்தத்தோட எடுத்துக்காட்டு வாக்கியமும் குடுத்திருப்பாங்க. ஆட்சிச் சொல், அறிவியல் சொல்னா தமிழ்நாடு அரசோட சொற்குவை இணையதளத்துல போட்டுப் பாக்கலாம். அதே நாள் இங்கிலீஷ் பேப்பர்ல அதே செய்தியைத் தேடி அங்க என்ன வார்த்தை போட்டிருக்காங்கன்னு பாக்குறதும் சுலபமான வழி, மெட்ரிக்ல படிச்ச பிள்ளைங்களுக்கு அது ரொம்ப உதவும், ஆனா அதுலயே நின்னுடக் கூடாது, ஏன்னா "சர்ப்ளஸ்"னு ஒரு சொல்லைப் பக்கத்துல எழுதினதும் வேலை முடிஞ்ச மாதிரி ஒரு திருப்தி வந்துடும், 16 கண் மதகு வரைக்கும் போக மாட்டோம்.

டிவியில கீழ ஓடுற ஸ்க்ரோலை நம்பி கத்துக்காதீங்க. அங்க வேற்றுமை உருபு, வினை எல்லாத்தையும் நறுக்கிட்டு "மேட்டூர் அணை நீர்வரத்து 20 ஆயிரம்"னு எலும்பை மட்டும் விடுவாங்க, குறைஞ்சுதா கூடுச்சான்னே தெரியாது. வாட்ஸ்அப்ல சுத்துற செய்தி அதைவிட மோசம், அங்க எல்லா மழையும் வரலாறு காணாத மழைதான். ரேடியோ கேக்குற பழக்கம் இருந்தா ஆகாசவாணிச் செய்தி நல்லது, முழு வாக்கியமா நிறுத்தி வாசிப்பாங்க, உச்சரிப்பும் சேர்ந்து வரும், "கன அடி"யை "கண்ணடி"ன்னு சொல்ற பிள்ளைங்க அதுலயே திருந்திடுவாங்க.

கடைசியா அந்த வார்த்தையை வாயில போட்டுப் பேசணும், அதுவும் செய்தியில வந்த வரியை ஒப்பிக்காம உங்க விஷயத்துல வச்சு. "எங்க ஆபீஸ்ல ரெண்டு சேர் உபரியா கிடக்கு", "எங்க அக்கா போட்ட மனுவை வீட்ல முடிச்சு வச்சுட்டாங்க, தள்ளுபடி பண்ணல"ன்னு பேசிப் பாருங்க. கேக்குறவங்க சிரிச்சா நல்லது, புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். வீட்ல பெரியவங்க இருந்தா அவங்ககிட்ட அன்னிக்குச் செய்தியை அந்த வார்த்தை இல்லாமயே சொல்லிப் பாருங்க, இது எல்லாத்தையும்விடக் கஷ்டம். உபரின்னு சொல்லாம அணைச் செய்தியை ஒரு பாட்டிக்கு விளக்கணும்னா "அணை தாங்குற அளவுக்கு மேல வந்த தண்ணியைத் திறந்து விட்டுட்டாங்க பாட்டி"ன்னு வரும், அந்த வாக்கியம் தடங்கலில்லாம வந்துச்சுன்னா அந்த வார்த்தையை நோட்டுல டிக் அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போலாம்.

அடுத்தது எதுன்னு கேட்டா சீசனைப் பாத்து எடுங்க. ஏப்ரல், மே வெயில்ல ஏற்காட்டுல சாயங்காலம் திடீர்னு இடி இடிச்சுக் கொட்டும், மறுநாள் பேப்பர்ல "வெப்பச்சலனம்"னு இருக்கும், அதை எடுங்க. மே மாசம் ஏற்காடு கோடை விழா வந்தா "போக்குவரத்து மாற்றம்", "ஒருவழிப்பாதை"ன்னு அறிவிப்பு வரும், எந்த வழியா ஏறணும், எந்த வழியா இறங்கணும்னு அதுலயே இருக்கும், வார்த்தை கத்துக்கறதோட வண்டியும் சரியான ரோட்டுல போகும். ஜூன்ல மேட்டூர், ஆகஸ்ட்ல பணி நிரவல், அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழையோட அந்தக் காத்து ஏணி, பிப்ரவரி, மார்ச்ல பட்ஜெட். கோர்ட்டு வார்த்தைக்கு மட்டும் சீசன் கிடையாது, அது எந்த நாளும் இருக்கும்.